எலியில் வெற்றி என்றால் எந்த எலி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு, அதை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரையே இனி வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையைத் தங்கள் இதழின் கட்டுரை ஒன்று தந்திருந்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவன் என்பதால் ஆசையோடு படித்தேன். நடந்தது எலிகளில் என்ற விவரம் கடைசிப் பத்தியில்தான் இருந்தது.

எலிகளில் இது பழைய செய்தி. பில்லிங்ஹாம், பிரெண்ட், மெடாவர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கருவிலிருந்த எலிகளுக்கு வேறு எலியின் செல்களைச் செலுத்தி, வளர்ந்தபின் அதே வகை எலியின் தோலை ஏற்கவைத்தது 1953-ல். சில எலி வகைகளில் கல்லீரலை மாற்றிவைத்தால் மருந்தே இல்லாமல் உடல் ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் எங்களில் பெரும்பாலோர் இன்றும் மாத்திரையை நம்பித்தான் இருக்கிறோம்.

ஏன்? ஆய்வக எலி கிருமி அண்டாத கூண்டில் வளர்கிறது. நாமோ எத்தனையோ தொற்றுகளைக் கடந்து வந்தவர்கள். அவற்றை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் சில, புது உறுப்பையும் எதிரியாக எண்ணித் தாக்கிவிடும். ஆய்வக எலியின் நோய் எதிர்ப்பு மண்டலம் பச்சிளங்குழந்தையுடையதைப் போல இருப்பதாக 2016-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. செல்லப்பிராணிக் கடை எலிகளோடு சேர்த்து வளர்த்தபோது, அது வளர்ந்த மனிதருடையதை நெருங்கியதாம். உறுப்பு மாற்று ஆய்வில் இதைவிட முக்கியமான எச்சரிக்கை இருக்குமா என்று தெரியவில்லை.

டி செல்கள் மற்ற நோய் எதிர்ப்பு செல்களைத் தூண்ட உதவும் சிடி40 லிகண்ட் என்ற புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்தின் கதையும் உண்டு. எலியிலும் குரங்கிலும் உறுப்பைக் காத்தது. மனிதர்களில் இரத்தம் உறைந்து சோதனை நின்றது. அந்த உறைதலைத் தூண்டிய ஏற்பி நம் தட்டணுக்களில் உண்டு, எலியினுடையதில் கிடையாது. பிறகு மருந்தை மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

விலங்கு ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1954-ல் அறுவை மருத்துவர் ஜோசப் மரே ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களிடையே சிறுநீரகம் மாற்றியதற்கு முன் அந்த அறுவையை நாய்களில்தான் பழகினார். நோய் எதிர்ப்பை அடக்கி, இரட்டையர் அல்லாதவர்களுக்கும் வழிவிட்ட அசதயோபிரின், அறுவை மருத்துவர் ராய் கால்ன் நாய்களில் சோதித்துப் பார்த்த மருந்து. நான் உயிரோடிருப்பதில் அந்த நாய்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான், கேள்விக்குப் பொருந்தாத விலங்கில் செய்யும் சோதனை எனக்கு இரட்டை வருத்தம் தருகிறது. விலங்கின் உயிரும் போகிறது, நோயாளிக்கும் பயனில்லை.

ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தியில் எந்த விலங்கு, என்ன வயது, முன்பு தொற்று கண்டதா, உறுப்பு எவ்வளவு காலம் இயங்கியது, பன்றியிலோ குரங்கிலோ திரும்பச் செய்தார்களா என்பதை முதல் இரண்டு பத்திகளுக்குள் தாருங்கள். அத்தகைய செய்தியை நம்பி யாராவது மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டால், உறுப்பே போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்