கரண்டும் பிளீச்சிங் பவுடரும்: நீலகிரி ஓடைகளுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மீன்வளத் துறை, நீலகிரி வனத்துறை அதிகாரிகள், தூண்டிலோடு மலையேறும் நண்பர்கள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கும் முறைகள் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். இந்த மீனை யார் பிடிக்கலாம் என்று பார்ப்பதிலேயே நம் விதிகள் பழகிவிட்டன. எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லை.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1863-இல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே ட்ரவுட்டை இங்கே கொண்டுவர முயன்று தோற்றார். 1907-இல் மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் இந்தக் குளிர்நீரில் நிலைத்தது. அந்தப் பொரிப்பகத்துக்கு முன்பே, 1879-இல், நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. துரைமாரின் பொழுதுபோக்குக்குக் குறை வரக்கூடாது என்ற கவலையில் பிறந்த சட்டம் அது. லைசென்ஸ் உள்ளவர் கனவான், இல்லாதவர் திருடர் என்ற பார்வை அப்போது ஊறியது, இன்றும் வற்றவில்லை.

இப்போது ஓடைக்கு வாருங்கள். முதுகுப் பையில் ஒரு பேட்டரி, அதோடு இன்வெர்ட்டர். இரண்டு மூங்கில் கழிகள், நுனியில் வெற்றுக் கம்பி. ஒரு கழியில் வளையமும் வலையும். இரண்டும் தண்ணீரில் இறங்கியதும் பாறைக்கடியில் கிடந்த மீன் துடித்தபடி மேலே வந்து மல்லாந்துவிடும். உடம்பு நீளமாக இருப்பதால் பெரிய மீனுக்குத்தான் அடி அதிகம். தசை ஒரே நொடியில் இறுகும் வேகத்தில் முதுகெலும்பே முறிவதுண்டு. குழம்புக்கு ஆகும் மீனை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். விரல் நீளக் குஞ்சுகளும் தலைப்பிரட்டைகளும் என்ன ஆயின என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆய்வாளர்களும் மின்சாரம் வைத்து மீன் பிடிக்கிறார்களே என்பார்கள் சிலர். அங்கே மின்னோட்டத்துக்கு அளவு உண்டு, அனுமதி உண்டு, எண்ணி முடித்ததும் மீன் தண்ணீருக்குத் திரும்பும். அதைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது.

பிளீச்சிங் பவுடர் இன்னும் கொடுமை. ஒரு மடுவில் கொட்டினால் குளோரின் மீனின் செவுளை அரித்து மூச்சை நிறுத்துகிறது. கல்லுக்கடியில் ஒட்டி வாழும் பூச்சிப்புழுக்களும் அதோடு சாகின்றன. ட்ரவுட்டுக்கு அன்றாடச் சாப்பாடே அவைதான். கீழே மாடுகளும் ஹட்டி என்னும் மலைக் கிராமத்துக்காரர்களும் குடிப்பது அந்த ஓடைத் தண்ணீரைத்தான் என்பதைக் கொட்டுகிறவர் ஒரு கணமாவது நினைக்க வேண்டாமா?

1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அன்றே தடை செய்தது. எழுதப்பட்டபோது அதிலிருந்த தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்தக் காலத்து 200 ரூபாய் ஒரு குடும்பத்தையே உலுக்கியிருக்கும். மின்சாரம் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 1897-இல் இன்வெர்ட்டரை யார் கண்டார்கள்? ஆனால் வலை வகைகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தும் முறைக்கும் விதி வகுக்கவும், குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டு வரை மீன்பிடிப்பையே நிறுத்திவைக்கவும் அதன் 6-ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. கையில் இருக்கும் அந்த அதிகாரத்தை இந்த ஓடைகளுக்காகப் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"வந்தேறி மீன்தானே, எப்படிச் செத்தால் என்ன?" என்று காட்டை நேசிப்பவர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போட்ட பட்டியலில் வானவில் ட்ரவுட்டும் இருக்கிறது. புதிய ஓடைகளில் குஞ்சு விடுவதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் கம்பிக்கும் பவுடருக்கும் வந்தேறி எது, மண்ணின் மைந்தன் எது என்று தெரியாது. ஓர் ஓடையில் ட்ரவுட் குறைய வேண்டுமென்றால் துறையே திட்டமிட்டு, வலை வைத்து எடுக்கட்டும்.

தூண்டில்கார நண்பர்களே, விலை உயர்ந்த ராடு கையில் இருப்பதால் நாம் யோக்கியர்களாகிவிட மாட்டோம். சினைக்காலத்தில் பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து, சரளைக்கல்லில் பள்ளம் பறித்து முட்டையிடும். சுற்றியுள்ள பாசிபடிந்த கல்லுக்கு நடுவே அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை அதன்மேல் வைக்கும் ஒவ்வொரு பூட்ஸ் காலும் முட்டைகளை நசுக்குகிறது. பள்ளத்தை விட்டு நகராமல் நிற்கும் மீனின் விலாவில் மூன்றுமுள் கொக்கியைச் சுண்டி மாட்டி இழுப்பதை நான் மீன்பிடிப்பு என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். இரையை மீன் வாய் திறந்து எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. படம் எடுக்கக் காய்ந்த கையில் இறுக்கிப் பிடித்து, உடம்பின் வழவழப்பையெல்லாம் உரித்துவிட்டு, "உயிரோடு விட்டேன்" என்று பதிவு போடுவதும் வேண்டாம்.

முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்க எவருக்குமே இடமில்லை, அது தனி. வெளியே, மண்புழுவும் ஒற்றை முள்ளும் வைத்து வீட்டுக்கு இரண்டு மீன் பிடிக்கும் ஹட்டிப் பையனை விரட்டும் வேகம், இன்வெர்ட்டர் பையோடு இரவில் இறங்கும் கும்பலிடமும் இருக்கட்டும். மின்சாரத்தைப் பெயர் சொல்லித் தடை செய்யுங்கள். பேட்டரியும் கழியும் பறிமுதலாகட்டும், அபராதம் இன்றைய ரூபாயில் உறைக்கட்டும். மூன்றுமுள் கொக்கி வேண்டாம் என்று லைசென்ஸிலேயே அச்சிடுங்கள். ஓடைக் காவலுக்கு அந்தந்த ஹட்டியிலிருந்தே ஆள் எடுங்கள்; இருட்டில் எந்த வழியாக வண்டி வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சினைக்காலத் தடையை எந்தத் தேதியில் தொடங்குவது என்று குழு போட்டு நாள் கடத்த வேண்டியதில்லை. அவலாஞ்சிப் பண்ணையில் தாய் மீனின் வயிற்றைத் தடவிச் சினையைப் பிதுக்கி எடுக்கும் ஊழியர்களைக் கேளுங்கள்; எந்த வாரத்தில் சினை முற்றுகிறது என்று அவர்களின் கைக்கே தெரியும். அவர்கள் சொல்லும் நாள்களை வைத்து, அடுத்த சினைக்காலத்துக்கு முன் அறிவிப்பை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நீலகிரி ஓடைகளில் தூண்டில் போடும் ஒருவன்