பூட்டிக் கிடந்த படமும் பூசிய பழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க நகரம் ஒன்றில் நடந்த இத்தாலியத் திரைப்பட விழாவைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கட்டுரையாளர் 7 மணிக் காட்சிக்குப் போயிருக்கிறார். படம் 8 மணிக்குத்தான் தொடங்கியிருக்கிறது. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணம்: “இத்தாலியர்கள் அல்லவா!” ஆச்சரியக்குறியும் அவருடையதே. முதல் தேதி வர வேண்டிய தங்கள் இதழ் ஐந்தாம் தேதி கடைக்கு வரும்போது நாங்கள் யாரும் “தமிழர்கள் அல்லவா!” என்று எழுதுவதில்லை. அச்சகத்தில் ஏதோ சிக்கல் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம்.

அங்கேயும் ஏதோ சிக்கல்தான் இருந்திருக்கும். புரொஜக்டர் அறைக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தாங்கள் அறியாததல்ல, கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். விழாப் படம் இப்போது பெட்டி பெட்டியாக ரீலில் வருவதில்லை. டிசிபி என்னும் கோப்புத் தொகுப்பாக, பல சமயம் ஹார்டு டிஸ்க்கில் வருகிறது. படத்தின் தரவு விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம் என்பதால் 100 நிமிடப் படம் 190 ஜிபியைத் தொடும். பழைய யுஎஸ்பி 2 வழியாக, அரங்கில் படத்தை ஓட்டும் கணினியான சர்வரில் ஏற்றினால் ஒன்றே முக்கால் மணி நேரம் அதற்கே சரி. டிஸ்க் லினக்ஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அவசரத்தில் அதை விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினால் “ஃபார்மட் செய்யட்டுமா?” என்று கேட்கும். உதவிக்கு வந்த பிள்ளை ‘சரி’ என்று அழுத்தினால் படம் போச்சு. சப்டைட்டில் தனிப் பொதியாக வந்திருந்தால், மூலப் படத்தையும் ஏற்றியிருக்க வேண்டும். பொதி மட்டும் இருந்தால் ஓடாது.

எல்லாம் ஏற்றியாயிற்று என்றாலும் படத்துக்குப் பூட்டு இருக்கிறது. கேடிஎம் என்னும் சாவிக் கோப்பு மின்னஞ்சலில் தனியாக வரும். ஒரு சர்வருக்குத் தயாரித்த சாவி இன்னொரு சர்வரில் செல்லாது. கூட்டம் அதிகம் என்று காட்சியைச் சின்ன அரங்கிலிருந்து பெரிய அரங்குக்கு மாற்றினால் சாவி வீண். போன வாரம் சர்வரில் படத்தின் பூட்டைத் திறக்கும் மீடியா பிளாக் என்னும் பாகம் பழுதாகிப் புதிது போட்டிருந்தாலும் வீண்தான். இவற்றையெல்லாம் விட மோசமானது நேரக் கணக்கு. படப் பிரதி தயாரிக்கும் ரோமிலுள்ள லேப் ‘14ஆம் தேதி நள்ளிரவு வரை’ என்று ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சாவி தயாரித்து அனுப்பிவிடும். ரோமில் நள்ளிரவு என்றால் நியூயார்க்கில் மாலை 6 மணி. 7 மணிக் காட்சிக்கு ஆபரேட்டர் பட்டனை அழுத்தும்போது சாவி காலாவதியாகி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். புதுச் சாவி வேண்டுமானால், இரவு 1 மணிக்கு ரோமில் யாரையாவது எழுப்பியாக வேண்டும். கட்டுரையாளர் பார்த்த தாமதம் இந்த வகையாக இருந்தால், ஒரே மணி நேரத்தில் சாவி வாங்கிப் படத்தை ஓட்டியவர்களுக்கு மாலை போட வேண்டும்.

அடுத்து, சப்டைட்டில் “தூங்கி வழிந்தது” என்றும் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் விநியோகஸ்தர் கிடைக்காத பல படங்களை இத்தகைய விழாக்கள் தேடிப் பிடித்துக் காட்டுகின்றன. அதனால் மொழிபெயர்ப்பையும் பல சமயம் விழாவே செய்துகொள்கிறது. கையில் கிடைப்பது பார்வைக்கு அனுப்பிய வீடியோ. அது பல சமயம் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 பிரேம் ஓடும். அரங்கில் ஓடுவது 24. வீடியோவில் 90ஆவது நிமிடத்தில் வரும் வசனம் அரங்கில் 93 நிமிடம் 45 விநாடியில் வரும். தானாக ஓடவிட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே எழுத்து முந்திக்கொள்ளும். ஆகவே ஓர் ஆள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளை வசனத்தைக் கேட்டுக் கேட்டுத் தட்டுகிறார். முதல் அசையில் தட்ட வேண்டும். முன்னால் தட்டினால் நகைச்சுவைக்கு நடிகர் வாய் திறக்கும் முன்பே அரங்கு சிரித்துவிடும். பார்வையாளர் விநாடிக்கு 15 எழுத்துப் படித்தாலே அதிகம். நேப்பிள்ஸ் குடும்பம் சாப்பாட்டு மேசையில் போடும் சண்டையை இரண்டு வரிக்குள் அடைக்கும் வேலையைக் கட்டுரையாளர் ஒரு நாள் செய்து பார்க்கட்டும். ‘கொமோர்ரா’ (2008) படம் இத்தாலியிலேயே இத்தாலிய சப்டைட்டிலுடன்தான் ஓடியது. அதில் பேசும் நேப்பிள்ஸ் வட்டார வழக்கு மற்ற ஊர் இத்தாலியர்களுக்கே புரியாது.

இத்தகைய விழாக்களை “தூதரகம் தரும் ஒயின் விருந்து” என்றது அடுத்த முத்து. இத்தாலிய வெளியுறவு அமைச்சகம் ‘ஃபாரே சினிமா’ என்று உலகெங்கும் திரைப்பட வாரம் நடத்தத் தொடங்கியது 2018இல். பிரான்ஸின் வில்ரூப்ட் நகரில் இத்தாலியத் திரைப்பட விழா தொடங்கியது 1976இல்! லக்சம்பர்க் எல்லையில், இரும்புச் சுரங்கத்தையும் எஃகு ஆலையையும் நம்பி இத்தாலியக் குடும்பங்கள் வந்து குடியேறிய சின்ன ஊர் அது. தூதரகத்துக்கு அங்கே என்ன வேலை? ஆலைகள் மூடிய பிறகும் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பரில் விழா நடக்கிறது. பரிசின் பெயர் அமில்கார், சிற்பி அமில்கார் சன்னோனியின் பெயர். அதே பிரான்ஸில் அனெசி நகரின் இத்தாலியத் திரைப்பட விழாவும் 1983இலிருந்து இருக்கிறது. ஆறு பக்கத்தில் இவற்றுக்கு ஒரு வரி இல்லை. அரங்கு வாசலில் விற்ற ஐஸ்கிரீமுக்கு ஒரு பத்தி.

எழுத உட்கார்ந்ததால் பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு இதழில் ‘உதடு ஒட்டாத இத்தாலியப் படங்கள்’ என்று கேலி செய்திருந்தீர்கள். 1970கள் வரை அங்கே பெரும்பாலான படங்கள் பிறகு டப்பிங் செய்யப்பட்டவைதான். பல நாட்டு நடிகர்கள் ஒரே காட்சியில் அவரவர் மொழியில் பேசுவார்கள். ‘இல் கத்தோபார்தோ’ என்னும் இத்தாலியப் படத்தில் அமெரிக்க நடிகர் பர்ட் லங்காஸ்டர் பேசியது ஆங்கிலம், படம் 1963இல் கான் விழாவின் உயரிய பரிசான தங்கப் பனையை வாங்கியது. கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டர்களைப் பற்றிப் பெருமையாகத் தொடர் எழுதிய இதழ் இதைக் கேலி செய்யலாமா?

படங்களின் நீளமும் அப்படியே. 100 நிமிடப் படத்துக்கு 96 என்று போடுகிறீர்கள். ஐரோப்பிய டிவிடி உறையிலிருந்து எடுத்தால் அப்படித்தான் வரும். மேலே சொன்ன 25 பிரேம் கணக்குதான். படித்தவர்கள் நான்கு நிமிடம் வெட்டிவிட்டார்களோ என்று நினைக்கிறார்கள். அகலத்திரைப் படத்தின் ஸ்டில்லைச் சதுரமாக வெட்டி, கதாநாயகியின் தோளை மட்டும் அச்சிட்டதைப் பற்றி இப்போது வேண்டாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விழாக் கட்டுரைகளோடு வரும் பெட்டிச் செய்தியில், விழாவின் கையேட்டைப் பார்த்துப் படத்தின் நீளம், மூலமொழி அல்லது வட்டார வழக்கு, சப்டைட்டில் மொழி ஆகிய மூன்றையும் போடுங்கள். இடம் போதாதென்றால் கட்டுரையாளர் கொடுக்கும் நட்சத்திரங்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
கோயம்புத்தூர்