மாணவர்களைப் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுக்கு அனுப்புங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கு வணக்கம்.

அறுவை சிகிச்சை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். ஊர் ஓசூர்ப் பக்கம்.

மேற்படிப்புக்கு என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று ஹவுஸ் சர்ஜன்களிடம், அதாவது எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் மருத்துவமனையில் பயிற்சி பெறும் பிள்ளைகளிடம், கேட்பது என் வழக்கம். மெடிசின், ரேடியாலஜி, ஆர்த்தோ என்று வரும். பிளாஸ்டிக் சர்ஜரி என்று நான் எடுத்துக்கொடுத்தால், "அது சென்னையில கிளினிக் வைக்கிறவங்களுக்கு, சிஸ்டர்" என்பார்கள். மூக்கைத் திருத்துவது, முடி நடுவது, கொழுப்பை எடுப்பது இவ்வளவுதான் அவர்கள் அறிந்த பிளாஸ்டிக் சர்ஜரி. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் காட்டாத துறையின் மேல் ஆசை எங்கிருந்து வரும்?

சிதைந்த கையையும் வெந்த தோலையும் சீரமைப்பதும் பிளாஸ்டிக் சர்ஜரிதான். நம் இரண்டு மாவட்டங்களிலும் அந்தத் துறைக்கு வேலை குவிந்து கிடக்கிறது. சிப்காட்டில் பிரஸ் மெஷினில் விரல் போகிறது. கல் குவாரியில் கை நசுங்குகிறது. தொப்பூர் கணவாய் விபத்துகளில் தோலும் சதையும் உரிந்து எலும்பு தெரிய ஆட்கள் வருகிறார்கள். 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நடந்த வெடிவிபத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

துண்டான விரலை நேராக ஐஸ் கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் திசு உறைந்து கெட்டுவிடும். சலைனில் நனைத்த துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் தனியாக நிற்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு அது தெரியாமல் போனால், துண்டான விரலை ஒட்டவைக்கும் பெரிய ஊர் மைக்ரோ சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

தீக்காயமும் அப்படித்தான். கழுத்து வெந்த பெண்ணுக்குத் தலையணை வைக்கக் கூடாது. கழுத்து நிமிர்ந்தே இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் ஆறாத ஆழமான புண்ணுக்குத் தோல் ஒட்ட வேண்டும். இவற்றைத் தவறவிட்டால் தோல் சுருங்கி முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போன பெண்களை நான் மறக்கவில்லை. அவர்களுக்கு வந்த கெடுதல், உயிர் பிழைத்த பிறகு வந்தது.

அஞ்செட்டி, பென்னாகரம் மலையோரக் கிராமங்களிலிருந்து உதடு பிளந்த குழந்தையோடு தாய் வருவாள். கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்று வீட்டில் அவளைத் திட்டியிருப்பார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு உதட்டையும், ஒரு வயதை ஒட்டி அண்ணத்தையும் தைத்துவிடலாம் என்றும் அந்த மாமியார் காதில் விழும்படி சொல்ல ஒரு டாக்டர் வேண்டும்.

இந்தத் துறை நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் சேர்த்த, 1792-ல் முடிந்த அதே மைசூர்ப் போரில், ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கு அறுக்கப்பட்டது. புனே பக்கத்து வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு அமைத்தார். அந்தச் செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகே ஐரோப்பியர் அந்த முறையைக் கற்கத் தொடங்கினார்கள். பக்கத்து வேலூரில் 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை இடம் மாற்றி மறுபடி வேலை செய்யவைத்தார்.

அறுவை சிகிச்சை மேற்படிப்பான எம்.எஸ். முடித்து, பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்று மேலும் மூன்று ஆண்டு எம்.சிஎச். படிக்க வேண்டும் என்பதால் சிலர் தயங்குவது நியாயம். எல்லோரும் அதை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எடுக்கும் சிலரும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். மற்றவர்கள் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தாலும், யாரை, எப்போது, எப்படி அனுப்புவது என்றாவது தெரிந்திருக்கட்டும்.

அதனால் கேட்கிறேன். ஹவுஸ் சர்ஜன் போஸ்டிங்கில் சர்ஜரிக்கு ஒதுக்கும் வாரங்களில் இரண்டை பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் தீக்காய வார்டுக்கும் கொடுங்கள். விருப்பமுள்ள மாணவர்களை, அவரவர் விரும்பிய துறையில் பயிலும் எலெக்டிவ் காலத்தில், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கும், கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். விரல் ஒட்டவைத்து மறுபடி லேத் ஓட்டுபவர்களும், கழுத்துச் சுருக்கம் நீங்கியவர்களும் எனக்குப் பழக்கம். அவர்கள் சம்மதித்தால் உங்கள் வகுப்புக்கு நானே அழைத்து வருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்