நீ விட்டுச் சென்ற விளையாட்டுகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பெரம்பூரில் சாயங்காலம் ஆனால் மேகம் மூடுகிறது, ஆனால் மழை இன்னும் பிடிக்கவில்லை. அங்கே டொராண்டோவில் குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு போ.

போன வாரம் போனில், "லேப்டாப்ல விட்டுட்டுப் போன கேம்ல எதுப்பா பிடிச்சுது?" என்று கேட்டாய். "எல்லாமே நல்லா இருக்கும்மா" என்றேன். அது ஒரு பதிலா? உனக்கோ ஆபீசுக்குக் கிளம்பும் அவசரம், அம்மாவோ பின்னாலிருந்து நீ சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்ல நினைத்தது எதையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும். மெட்ரோவில் போகும்போது படி.

லேப்டாப்பில் விரலைத் தேய்த்து விளையாடுவது சரிப்படவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மவுஸ் வாங்கி வந்தேன். இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாலில் உட்கார்ந்து விளையாடுகிறேன். சத்தம் வெளியே கேட்காமல் இருக்க உன் பழைய ஹெட்போன்.

நீ முதலில் எதைச் சொல்வேன் என்று நினைத்திருப்பாயோ தெரியாது. எனக்கு முதலில் நிற்பது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'தான். அர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனை நாடு, வருஷம் 1982, எல்லையில் ஒரு சாவடி. வரிசையில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் வாங்கி, பெயர், தேதி, ஊர், முகம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் காலமெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்த மேஜை என்னை அசர வைத்தது. எவ்வளவு சின்ன மேஜை! பாஸ்போர்ட்டை இழுத்தால் அனுமதிச் சீட்டு அடியில் போய்விடுகிறது. விதிப் புத்தகத்தைத் திறந்தால் மற்ற எல்லாம் மறைந்துவிடுகிறது. ஆள் எதிரில் நிற்கிறார், பின்னால் வரிசை நீள்கிறது, நாம் காகிதத்துக்கு அடியில் காகிதம் தேடுகிறோம். முகூர்த்த நாளில் என் மேஜை அப்படியேதான் இருக்கும். தாய்ப்பத்திரம் ஒரு பக்கம், வில்லங்கச் சான்று ஒரு பக்கம், அதற்கு மேல் யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை.

இதைச் செய்தவர் லூகாஸ் போப். ஏறக்குறைய தனி ஆளாகச் செய்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார். பல நாடுகளுக்குப் போய் வந்தபோது விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி முன்னால் நின்று பார்த்ததில்தான் இந்த எண்ணம் வந்ததாம். கவுண்டருக்கு வெளியே நின்றவர், உள்ளே உட்கார்ந்திருப்பவனின் கழுத்து வலியை இவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

ஒரு ஆளைச் சரியாக முடித்தால் 5 கிரெடிட் சம்பளம், அந்த விளையாட்டுக் காசு. தப்பு செய்தால் மெஷினிலிருந்து ஒரு சீட்டு கரகரவென்று வருகிறது. அன்றன்றைக்கு முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். சாவடி மூடியதும் வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம் என்று ஒரு கணக்கு வருகிறது. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. யாருக்காவது உடம்புக்கு வந்தால் மருந்துச் செலவு தனி. நான் ஒரு நாள் சாப்பாட்டைக் கட்டி வெப்பத்தை விட்டேன், மறுநாள் வெப்பத்தைக் கட்டி சாப்பாட்டை விட்டேன். மாதக் கடைசியில் எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று பார்க்கும் கணக்கு அது. உன் சின்ன வயசில் நானும் அம்மாவும் போட்டதுதான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல பையனுக்கு மருந்து வாங்குங்க" என்றாள்.

அதில் ஒரு கணவனும் மனைவியும் வருவார்கள், ஞாபகம் இருக்கிறதா? கணவனின் காகிதம் எல்லாம் சரி. உள்ளே போகும்போது, "அடுத்து என் மனைவி வருகிறாள், பார்த்துச் செய்யுங்கள்" என்கிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. நான் ரொம்ப நேரம் முத்திரையை எடுக்காமல் இருந்தேன். கடைசியில் பச்சை குத்தி அவளை உள்ளே விட்டேன். சீட்டு வந்தது, வாங்கிக்கொண்டேன்.

நான் ஆபீசில் இப்படிச் செய்ததில்லை பாப்பா, இனி ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் செய்ய மாட்டேன். அசல் பத்திரம் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அழுதிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் நான் கண்ணை மூடி ஒரு பத்திரத்தை விட்டால், முகம் தெரியாத இன்னொருவர் தன் வீட்டை இழந்துவிடுவார். அவர் எதிரில் வந்து அழ மாட்டார், அவருக்கு விஷயமே தெரியாது. அவருக்காகவும்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சாவடியில் அந்தப் பெண்ணுக்காக விழுந்த தண்டனை என் தலையோடு போயிற்று, அதனால் மனசு துணிந்தது. இந்த வித்தியாசத்தை வேலையில் இருந்த காலத்தில் நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததே இல்லை. எச்சரிக்கைச் சீட்டு மேஜையில் கிடந்தபோதுதான் யோசித்தேன்.

அடுத்தது 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்', 2017-இல் வந்தது. ஒரு பெண் தன் குடும்பத்தின் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று அறை அறையாகத் தெரிகிறது. அதில் லூயிஸ் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

லூயிஸ் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவன். மவுஸால் மீனை எடுத்து வெட்டும் இயந்திரத்தில் தலையைக் கொடுத்து, துண்டானதை நகரும் பட்டையில் தள்ள வேண்டும். எடு, வெட்டு, தள்ளு. கொஞ்ச நேரத்தில் அவன் மனசுக்குள் ஒரு கற்பனை ராஜ்யம் தொடங்குகிறது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு உருவம் நடக்கிறது. அதை இடது கையால் கீபோர்டில் நடத்த வேண்டும், வலது கை மீனை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போகப்போக ராஜ்யம் பெரிதாகி, ஊர், படகு, மக்கள் எல்லாம் வந்து, திரை முழுவதும் அதுவே ஆகிவிடுகிறது. அப்போது திடீரென்று கவனித்தேன், என் வலது கை எந்த நினைப்பும் இல்லாமல் மீனை வெட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவே இல்லை, கை தானாகச் செய்தது.

அந்த இடத்தில் என் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊதா மையில் முத்திரையைத் தொட்டுப் பக்கம் பக்கமாகக் குத்திக்கொண்டு போகும் கை எனக்கும் இருந்தது. மனசு அப்போது வேறு எங்கோ இருக்கும். உனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா, தாத்தாவின் கண் ஆபரேஷனுக்கு என்ன செய்வது, சில நாள் ஒன்றுமே இல்லாமல் ஏதோ ஒரு மலைப்பாதை. லூயிஸ் அந்த ராஜ்யத்திலிருந்து திரும்பி வரவில்லை. முடிசூட்டிக்கொள்ள அவன் தலை குனியும் இடம் வரை நானே என் விரலால் அவனை நடத்திக்கொண்டு போனேன். சினிமாவில் பார்த்திருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இது அப்படிப் போகவில்லை, இன்னும் கையில் இருக்கிறது. நீயும் தினம் பத்து மணி நேரம் ஒரே திரையைப் பார்த்து வேலை செய்கிறாய். உன் மனசு எங்கே போகிறது என்று எப்போதாவது எனக்குச் சொல். அப்பா கேட்பேன்.

எனக்குப் பிடித்தது எது என்று நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்: கதை என் கை வழியாக நடக்க வேண்டும். 'டு த மூன்' நல்ல கதைதான். அதில் வரும் கணவன் மனைவி ஜானி, ரிவர் இருவருக்காகவும் கண் கலங்கினேன், அந்தப் பியானோ இரண்டு நாள் காதில் ஓடியது. ஆனால் அதில் என் கைக்குப் பெரிதாக வேலை இல்லை. ஒரு நல்ல நாவல் படித்த நிறைவு, அவ்வளவுதான். உனக்கு அதுதான் உயிர் என்று தெரியும், கோபிக்காதே. 'கான் ஹோம்' பாதியில் நிற்கிறது. யாரும் இல்லாத வீட்டில் ஒரு பெண்ணின் அறைக்குள் போய் இழுப்பறைகளைத் திறப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. விளையாடுகிறவள் அவளுடைய அக்காதான், தெரியும். ஆனால் இழுப்பறையைத் திறந்தது நானாயிற்றே.

'அன்பேக்கிங்' வேறு மாதிரி. 1997-இலிருந்து 2018 வரை ஒரு பெண் வீடு மாறிக்கொண்டே இருக்கிறாள். அட்டைப்பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து வைப்பதுதான் விளையாட்டே. அவள் முகத்தைக் கடைசி வரை காட்டவே இல்லை. ஆனால் அவளோடு எந்தப் பொம்மை கூடவே வருகிறது, எது காணாமல் போகிறது என்பதிலேயே அவளைத் தெரிந்துவிடுகிறது. வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்தவர்கள் நாம். புது வீட்டுக்குள் உப்பும் மஞ்சளும் சாமி படமும் முதலில் போகும், அப்புறம்தான் மற்ற தட்டுமுட்டுச் சாமான். அதனால் எனக்கு அந்தப் பெட்டிகளைப் பிரிப்பதே சுகமாக இருந்தது, 2010 வரும் வரைக்கும்.

2010-இல் அவள் ஒருவனோடு சேர்ந்து வாழப் போகிறாள். அவன் வீட்டில் எல்லா இடத்திலும் அவன் சாமான். அவள் பட்டச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு கையில் வைத்துக்கொண்டு சுவர் சுவராகத் தேடினேன். எங்கே வைத்தாலும் கடைசியில் சிவப்புக் கோடு காட்டியது, இது தப்பான இடம் என்று. அலமாரி, சமையலறை, குளியலறை, எங்கும் இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் ஏற்றுக்கொள்கிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆளையே பார்க்கவில்லை, ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று அந்தக் கட்டில் சொல்லிவிட்டது. நீ யாரோடு, எந்த ஊரில் வாழ்ந்தாலும் சரி. உன் பட்டத்துக்குச் சுவரில் இடம் இருக்கிற வீடாக இருக்கட்டும். இதை அப்பாவாகச் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்.

'வெண்பா'வை நான் விளையாடவில்லை, அம்மாதான் விளையாடினாள். நீ இருக்கும் டொராண்டோவில் செய்தது, 2023-இல் வந்தது, அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியிருக்கிறது. எண்பதுகளில் கனடா போன நம்மூர்த் தம்பதி, கணவன் வேலைக்குக் கிளம்பும் முன் மனைவி இட்லி அவிக்க வேண்டும். அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, பாதி அழிந்திருக்கிறது. நான் நோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தட்டை ஒண்ணு மாத்தி ஒண்ணு திருப்பி வைங்க, இல்லாட்டி மேல் குழி கீழ் இட்லியை அமுக்கிடும், ஆவியும் போகாது" என்று சொல்லிவிட்டு மவுஸை வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் எனக்குத் தரவே இல்லை. கதையில் மகன் வளர்ந்து வீட்டுச் சாப்பாட்டை விட்டு விலகும் இடத்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை. பின்னால் அதே மகன் தானே அடுப்பு முன்னால் நிற்கும்போது, "தண்ணிய குறைச்சு ஊத்துடா" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் உனக்குப் பருப்புப்பொடி அனுப்ப வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். பார்சல் கிளம்பிவிட்டது, வந்ததும் சொல்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. இதுவும் லூகாஸ் போப் செய்ததுதான், 2018. காணாமல் போன கப்பல் 1807-இல் யாரும் இல்லாமல் திரும்பி வருகிறது. கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், என்ன ஆனார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கணக்கு எழுத வேண்டும். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகவே வரைந்திருப்பதால் கொஞ்ச நேரம் பார்த்தாலே தலை வலிக்கிறது. இருந்தாலும் விட மனசில்லை. பதிவின்போது அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வருவார்களே, இங்கே சாட்சியே இல்லை. அவர்கள் செத்த நேரத்தைக் காட்டும் காட்சிகளில் போட்டிருக்கும் செருப்பு, பேச்சின் சாயல், தூங்கும் தூளியின் எண், இதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் சரி என்று ஒப்புக்கொள்கிறது. பட்டியலில் இந்திய மாலுமிகளும் இருக்கிறார்கள். மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவர்கள் பெயரைச் சரியாக எழுதிவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். நீ விடை எதையும் சொல்லிவிடாதே.

விலை குறைத்துப் போடும்போது இந்த மாதிரி இன்னும் இரண்டு வாங்கிப் போடு. சண்டை, துப்பாக்கி வேண்டாம். என் வேகத்துக்கு ஓடுகிறதாக, கைக்கு ஏதாவது வேலை கொடுக்கிறதாகப் பார்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். சாவடியில் அந்த மனைவி வந்து நின்றபோது நீ என்ன செய்தாய்? நீ விளையாடியது காலேஜ் படிக்கும்போது, என் வயசு இல்லை, என் வேலையும் இல்லை. உள்ளே விட்டாயா, திருப்பி அனுப்பினாயா, எதை நினைத்து அப்படிச் செய்தாய்? போனில் வேண்டாம், உட்கார்ந்து எழுது.

அன்புடன்,
அப்பா