பாலையாவின் காது

திருவாரூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக நடக்கிறது. கோயில் திருவிழா நாடகத்துக்கு நீ பையன்களைத் தயார் செய்வது தெரிந்து ரொம்ப சந்தோஷம். குணச்சித்திர வேஷக்காரர்களுக்கு யார் படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். பழைய தமிழ்ப்பட நடிகர் டி.எஸ்.பாலையாவைக் காட்டு, அவர் ஒருவர் போதும்.

ஸ்ரீவைகுண்டத்தில் 1914-ல் பிறந்தவர். நாடக மேடையில் பழகிவிட்டு, 1936-ல் ‘சதிலீலாவதி’யில் வில்லனாக வந்தார், எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அடுத்த வருஷமே ‘அம்பிகாபதி’யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரி. ‘தூக்குத் தூக்கி’யில் சேட்டு, ‘பாமா விஜயம்’ படத்தில் அப்பா. 1972-ல் போய்விட்டார். அவர் குரலையும் இழுவையையும் மிமிக்ரி செய்ய ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எதிரே இருப்பவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. உன் பையன்கள் கற்க வேண்டியது அதைத்தான்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) திகில் கதைக் காட்சியை முதலில் போடு. நாகேஷ் கதை சொல்கிறார், பாலையா கேட்கிறார், அவ்வளவுதான். நாகேஷின் கதையில் வார்த்தையைவிடச் சத்தம் அதிகம். அந்தச் சத்தத்துக்கெல்லாம் உயிர் வருவது பாலையாவின் முகத்தில். இரண்டாவது தடவை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பார்க்கச் சொல். பயம் படிப்படியாகத்தான் ஏறுகிறது. பையன்கள் இதைச் செய்தால் முதல் வரியிலேயே கண்ணை உருட்டிவிடுவார்கள், பிறகு ஏற இடமிருக்காது. முதலில் மூச்சு, அடுத்து கை, கடைசியில் கண் என்று வரிசை வைத்துக் கொடு. இன்னொரு தப்பும் நடக்கும்: சத்தம் வருவதற்கு முன்பே அதிர்ந்துவிடுவது. வசனம் மனப்பாடம் ஆகிவிட்டதால் வரும் கோளாறு அது. ஒத்திகையில் கதை சொல்பவன் தினம் வேறு வேறு இடத்தில் நிறுத்தட்டும், கேட்பவன் தானாகக் காதைத் தீட்டிக்கொள்வான். கூட்டம் சிரிக்கும்போது அந்த முகத்தை அப்படியே பிடித்துவைக்க வேண்டும்; சிரிப்பு இறங்க ஆரம்பித்த பிறகுதான் அடுத்த அசைவு.

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் அவர் போட்ட ஹேமநாத பாகவதர் வேஷத்தில் இரண்டு பாடம் இருக்கிறது. ‘ஒரு நாள் போதுமா’ பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். மாண்டு ராகத்தில் எடுத்து, தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகும். ராகத்தின் பெயர் பாட்டு வரியிலேயே வரும். நம் பக்கத்துக் கச்சேரி ரசிகர்கள் வாயசைப்பில் கோணல் இருந்தால் விடமாட்டார்கள். உதட்டை மட்டும் அசைத்தால் போதாது. பாட்டு எடுக்கும் முன் மூச்சு வாங்குவது தெரிய வேண்டும், பிருகா என்கிற வேக உருட்டலுக்குத் தாடையும் தொண்டையும் சேர்ந்து உழைக்க வேண்டும், தாளம் தவறவே கூடாது. இத்தனைக்கும் மேலே அந்த வித்வானின் கர்வமும் தெரிய வேண்டும். அதே மனிதர் பிறகு ராத்திரியில் விறகு விற்பவனின் பாட்டைக் கேட்கிறார். பாட்டுப் போட்டியில் தன்னோடு மோத இருக்கும் பாணபத்திரர் வேண்டாமென்று ஒதுக்கிய ஆளே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு உள்ளே ஓடுவது நமக்குத் தெரிகிறது. அவர் நடித்ததிலேயே எனக்கு இதுதான் உச்சம்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சிக்கலும் திருவாரூரும் நாயகன், நாயகி பேரிலேயே இருக்கிற கதை. நாயனம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், திரையில் சிவாஜி. பக்கத்தில் தவிலோடு முத்துராக்குவாகப் பாலையா. தவில்காரனின் வேலையே நாயனத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதானே? பாலையாவுக்கென்றே அமைந்த வேஷம்.

உன் நாடகத்தில் தவில்காரன் உண்டென்றால் இதைக் கவனி. வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி. கூடு வலந்தலை என்கிற வலது முகத்துக்கு, கழி தொப்பி என்கிற இடது முகத்துக்கு. மாற்றிப் பிடித்தால் நம் ஊரில் முதல் வரிசைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். விரலில் துணியைச் சுற்றிப் பசை தடவிக் கூடு கட்டுவது உனக்குத் தெரியும். ஈரத்தோடு வாசித்தால் நசுங்கிவிடும், முன்கூட்டியே கட்டிக் காயவிட வேண்டும். பழகாதவன் தோள்பட்டையிலிருந்து அடிப்பான், வலக்கை மணிக்கட்டில் விளையாட வேண்டும். எப்போதும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் விழுந்தால் டமாரம் அடிப்பதுபோல் ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், பார்வை நாயனக்காரன் மேல் இருக்கட்டும். சபையைப் பார்த்து வாசித்தால் பொய் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர்த் தவில்காரர் யாரையாவது இரண்டு சாயங்காலம் வரச்சொல்லி உட்காரவை. அப்பா வேஷத்துக்கு யாரைப் போட்டிருக்கிறாய் என்று எழுது. சன்னமான குரலானாலும் பரவாயில்லை, குறுக்கே பேசாத பையனாகப் பார்.

அன்புடன்,
உன் நண்பன்