'படம் முடிக்கப்படவில்லை' என்று எழுதாதீர்கள்

திருகோணமலையில் சித்திரப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தரம் 8இல் படிக்கும் என் மகள் போன தவணை ஒரு படம் வரைந்தாள். தாளில் முக்கால் பங்கு கடும் நீலம். மேலே வெளிறிய ஒரு பட்டை, வலது ஓரத்தில் கறுப்பு முக்கோணம். நீலத்துக்குள் நகத்தளவில் ஒரு செம்மஞ்சள் சதுரம். கோணேசர் மலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த கடல் என்றாள். கொப்பி திரும்பி வந்தபோது கீழே 'படம் முடிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தது. இப்போது எதை வரைந்தாலும் ஒரு தென்னையும் ஒரு தோணியும் போட்டுவிடுகிறாள்.

அந்தப் படம் முடிந்துதான் இருந்தது. செம்மஞ்சள் சதுரத்தை விரலால் மறைத்துப் பார்த்தேன். நீலம் அப்படியே செத்துப்போனது. அவ்வளவு பெரிய நீலத்தை அந்தச் சின்னச் சூடான நிறம்தான் தாங்கிப் பிடித்திருந்தது. நெதர்லாந்து ஓவியர் மொண்ட்ரியான் 1930இல் வரைந்த சிவப்பு, நீலம், மஞ்சள் படத்திலும் இதே கணக்குத்தான். மேலே வலப்பக்கம் பெரிய சிவப்பு. கீழே இடது மூலையில் சிறிய நீலம், வலது மூலையில் அதைவிடச் சிறிய மஞ்சள். கறுப்புக் கோடுகளின் தடிப்புக்கூட ஒன்றுபோல இல்லை. அடிமட்டம் வைத்து இழுத்துவிட்டால் வந்துவிடுகிற வேலையல்ல அது.

ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் 1950இல் தொடங்கி 1976இல் இறக்கும்வரை சதுரத்துக்குள் சதுரம் வைத்தே வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறதோ, அதைப் பொறுத்து ஒரு நிறம் மாறித் தெரியும் என்பதுதான் அவர் விடாமல் சோதித்த விஷயம். வகுப்பில் செய்து பார்க்கப் பெரிய செலவும் இல்லை. ஒரே சாம்பல் நிறத்தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை வெள்ளையிலும் மற்றதைக் கறுப்பிலும் ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளையில் இருப்பது கருமையாகவும் கறுப்பில் இருப்பது வெளிச்சமாகவும் தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆல்பர்ஸ் தான் பூசிய நிறங்களின் பெயர்களைப் படத்தின் பின்பக்கம் எழுதி வைத்தார். பிள்ளைகளும் அப்படி எழுதலாம்.

எந்தப் பொருளையும் காட்டாமல் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்துச் செய்வது நமக்குப் புதியதுமல்ல. பன்பாயில் சாயமிட்ட பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைப் பார்த்து, இது என்ன படம் என்று யாரும் கேட்டதில்லை.

தவணைக்கு இரண்டு பாடவேளை இப்படியான படங்களுக்கு ஒதுக்குங்கள். புள்ளி போடும்போது, இது எதைப்போல இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், ஏன் இந்த நிறத்தை இங்கே வைத்தாய் என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்.

மகளின் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வகுப்பில் காட்ட வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்