மாலை 5.15 மணி அழைப்புகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நான் மீண்டும் பொறுப்பேற்க வேண்டும் என்று கூறும் கடிதம் நேற்று முற்பகலில் என் கைக்கு வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை இதற்குள் நீங்கள் அனைவரும் அறிந்திருப்பீர்கள். பணியிலிருந்து விலகி நின்று தீர்ப்புக்காக நான் காத்திருந்த, அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் நடந்தவையும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆகவே அவற்றை நான் மீண்டும் விரித்துரைக்கப் போவதில்லை. கடிதத்தைப் படித்து முடித்தபின் நெடுநேரம் எதுவும் தோன்றாமல் அமர்ந்திருந்தேன். பிறகு முதலில் எழுந்தது, யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்னும் எண்ணம்தான். நாள் கடந்தால் சொற்கள் வெறும் சம்பிரதாயமாகிவிடக்கூடும் என்பதால், கை இன்னும் சற்று நடுங்கிக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன்.

எனக்காக எழுத்துமூலம் சான்றளித்த முன்னாள் மாணவர்கள், பழைய ஆட்சிக் குழுக் கூட்டங்களின் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துத் தந்த ஆவணக் காப்பாளர், கட்டணம் பற்றி ஒரு சொல்லும் பேசாத வழக்கறிஞர், என் வகுப்புகளைத் தங்கள் பாடச்சுமையோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட துறைத் தோழர்கள், நள்ளிரவில் நான் எழுந்து நடமாடும் ஓசை கேட்டு எழுந்துவந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை ஆகிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவேன். இந்த மடலின் பெரும்பகுதியை, உங்களில் பெரும்பாலோர் பார்த்தே இராத ஒருவருக்கு ஒதுக்க அனுமதி வேண்டுகிறேன்.

என் கோப்பு சென்றுசேரவிருந்த அலுவலகத்தின் தபால் பிரிவில் அவர் இளநிலை உதவியாளர். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், பேச்சில் அழைத்ததைப் போலவே இங்கும் அவரைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். நான் அங்கு முதன்முறையாகச் சென்ற நாளில் காலை பத்து மணி முதல் அலுவலகம் முடியும்வரை வெளியே இருந்த பெஞ்சில் அமர்ந்திருந்தேன். காத்திருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அறைக்குள் செல்பவர்களும் வெளியே வருபவர்களும் என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அலுவலகம் முடிந்து விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது, உறைக்கட்டு ஒன்றை ஏந்தி வந்த தம்பி என்முன் நின்று, யாருடைய கோப்புக்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“நாளைக்கு வர வேண்டாம், மேடம். உங்கள் கோப்பு இன்னும் எங்கள் பிரிவுக்கே வரவில்லை. வந்தால் சொல்கிறேன், வராவிட்டாலும் சொல்கிறேன்.”

மறுநாள் மாலை 5.15 மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. “இன்று வரவில்லை, மேடம்” என்றார், அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாளும் அதே நேரத்தில் அதே சொற்கள். அரை நிமிடத்துக்குமேல் எந்த அழைப்பும் நீண்டதில்லை. நலம் விசாரித்ததில்லை, ஆறுதல் கூறியதில்லை. களப்பணியில் பழகிய கை என்பதால் ஒவ்வொரு அழைப்பையும் தேதியிட்டு எழுதிவைத்தேன். என் குறிப்பேட்டில் 112 அழைப்புகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் 108 அழைப்புகளில் சொல்லப்பட்டது, இன்று ஒன்றுமில்லை என்பது மட்டுமே.

ஒன்றுமில்லை என்னும் செய்தியை 108 முறை சொன்னதற்காகவா இவ்வளவு நன்றி என்று சிலர் நினைக்கலாம். நான் ஆராய்ச்சியில் செலவிட்ட ஆண்டுகளே அதற்கு விடை. சமூகவியல் மாணவியாக நான் எடுத்துக்கொண்ட முதல் ஆய்வுப் பொருள் காத்திருத்தல். அலுவலகத் தாழ்வாரங்களில் குறிப்பேட்டுடன் அமர்ந்து, யார் எவ்வளவு நேரம் காக்கவைக்கப்படுகிறார்கள், அவர்களிடம் என்ன சொல்லப்படுகிறது, என்ன சொல்லப்படுவதில்லை என்று எழுதியே முனைவர் பட்டம் பெற்றேன். ஒரு சமூகத்தில் காத்திருக்கும் நேரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறதோ அப்படியேதான் அதிகாரமும் பங்கிடப்பட்டிருக்கும் என்று சமூகவியலாளர் பாரி ஷ்வார்ட்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். அலுவலக இரகசியம் என்பதே அதிகாரத்துவத்துக்குரிய தனிக் கண்டுபிடிப்பு என்று ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் எழுதியதையும் உடன் சேர்த்துச் சொல்வேன். என் சொந்தக் களக்குறிப்புகள் காட்டியதும் ஏறத்தாழ அதுதான்: காத்திருப்பின் நீளத்தைவிட, அதன் நீளம் தெரியாமலிருப்பதே மனிதரை அதிகமாக ஒடுக்குகிறது.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவர் சமூகவியலாளர் ஜூலியஸ் ராத். காசநோய்க்கு மருத்துவமனையில் சிகிச்சை பெறும் நோயாளிகளைப் பற்றி அவர் 1963-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரே அந்நோயால் மருத்துவமனையில் தங்கியிருந்தவர். எப்போது வீடு திரும்பலாம் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லாதபோது, நோயாளிகள் தாங்களே ஒரு கால அட்டவணையைக் கட்டியெழுப்பிக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எத்தனையாவது மாதத்தில் எந்தச் சலுகை கிடைத்தது என்று ஒப்பிட்டு, மிகச் சிறிய அடையாளங்களிலிருந்து தங்கள் நாளைக் கணிக்க முயல்கிறார்கள்.

அவ்வளவும் படித்திருந்தும், படிப்பித்திருந்தும், இந்த எட்டு மாதங்களின் தொடக்கத்தில் நான் அந்த நோயாளிகளைப் போலத்தான் இருந்தேன். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட அலுவலர் முன்போல் வணக்கம் சொன்னாரா, தலையை மட்டும் அசைத்தாரா என்று யோசித்தேன். ஒருவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் அதற்கு ஓர் பொருள் கண்டேன். எடுத்தால் வேறொரு பொருள் கண்டேன். உறையின் தடிமனைக்கூட எடைபோட்டேன். கோட்பாடு எனக்கு ஒரு மணி நேரத் தூக்கத்தையும் தரவில்லை. தந்தது அந்த அரை நிமிட அழைப்புதான். அடையாளங்களைத் தேடி அலைந்த மனம், 5.15 மணி வரும், உள்ளது உள்ளபடி சொல்லப்படும் என்று அறிந்ததும் தேடுவதை விட்டுவிட்டது.

தம்பி வரம்பு மீறியதில்லை என்பதையும் நான் பதிவு செய்தாக வேண்டும். மிகவும் தளர்ந்திருந்த ஒரு நாளில், தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவரிடம் கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. “அது எனக்குத் தெரியாது, மேடம். தெரிந்தாலும் சொல்லக் கூடாது. எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்வேன்” என்றார். கோப்பின் உள்ளடக்கத்துக்கும் கோப்பு இருக்கும் இடத்துக்கும் இடையேயுள்ள அந்தக் கோட்டை அவர் கண்ட அளவுக்குத் தெளிவாகப் பதிவாளர் நாற்காலியில் அமர்ந்திருந்த காலத்தில் நான் கண்டதில்லை. முன்னதைக் காக்கிறோம் என்ற பெயரில் பின்னதையும் சேர்த்தே பூட்டிவைத்திருந்தேன்.

ஆராய்ச்சியிலிருந்து நிர்வாகத்துக்குச் சென்றபோது, துறைத்தலைவராகவும் புலமுதல்வராகவும் பிறகு பதிவாளராகவும் பதினொரு ஆண்டுகள் பணியாற்றினேன். அந்தக் காலத்தில் என் மேசைமீது என்னென்ன காத்திருந்தன என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஆய்வேட்டு மதிப்பீட்டு அறிக்கைகள், உதவித்தொகைக் கோப்புகள், விடுப்பு விண்ணப்பங்கள், பதவி உயர்வுக் கோரிக்கைகள், இடமாற்று மனுக்கள் என ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். வெளிநாட்டு மதிப்பீட்டாளரிடமிருந்து அறிக்கை வராமல் மாதக்கணக்கில் நின்ற ஆய்வேடுகள் பல. அந்த மாணவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். “வந்தால் சொல்வோம்” என்று என் நேர்முக உதவியாளர் சொல்லியனுப்புவார். அவரை அப்படிச் சொல்லப் பணித்தவள் நான். அது பண்பான விடை என்றே நம்பினேன். அப்படித் திருப்பியனுப்பப்பட்ட ஒரு மாணவி பல ஆண்டுகளுக்குப் பிறகு என்னைச் சந்தித்தபோது, எந்த நாளும் வாய்மொழித் தேர்வுக்கு அழைப்பு வரலாம் என்று எண்ணி, வேற்றூரில் கிடைத்த ஒரு வேலையை அந்த மாதங்களில் மறுத்துவிட்டதாகச் சொன்னார். அறிக்கை வராததற்கு நான் பொறுப்பில்லை. அறிக்கை வரவில்லை, இரண்டாம் முறை நினைவூட்டியும் விடையில்லை, மதிப்பீட்டாளரை மாற்றக் குறைந்தது இவ்வளவு காலம் ஆகும் என்று அவரிடம் சொல்லாததற்கு நான்தான் பொறுப்பு. அவர் இதைப் படிக்கக்கூடும். நன்றி மடலில் மன்னிப்புக் கேட்பது முறையா என்று தெரியவில்லை, கேட்கிறேன்.

நன்றியைப் பற்றி எங்கள் துறையில் எழுதப்பட்டவற்றுள் ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மலின் பக்கங்களுக்கு இணையானவை மிகக் குறைவு. நன்றியை மனிதகுலத்தின் அறநினைவு என்று அவர் அழைத்தார். முதலில் செய்யப்பட்ட உதவியை முழுமையாகத் திருப்பித் தரவே முடியாது என்பது அவர் வாதம். அது எந்தக் கடமையும் இல்லாமல் தானாக வந்தது. நாம் திருப்பிச் செய்வதோ, பட்ட கடனால் உந்தப்பட்டு வருவது. இந்தப் பக்கங்கள் அடங்கிய நூல் வெளியான 1908-ஆம் ஆண்டில்தான், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்க வேபர் ஆதரவளித்தும், அவருடைய யூதப் பிறப்பை இழித்து எழுதப்பட்ட ஒரு மதிப்புரைக்குப் பின் அது கிடைக்காமல் போயிற்று. 1885-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றத் தொடங்கியவருக்கு முழுப் பேராசிரியர் பதவி 1914-இல் ஸ்ட்ராஸ்பூர்கில்தான் வாய்த்தது. 29 ஆண்டுகள் காத்திருந்த ஒருவர் நன்றியைப் பற்றி இவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார் என்பது முன்பு எனக்கு வெறும் வாழ்க்கைக் குறிப்பாகவே தெரிந்தது. இந்த ஆண்டு அந்தப் பக்கங்களை மீண்டும் எடுத்துப் படித்தபோது அப்படித் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் நான் மீண்டும் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்தக் கடிதம் கூறுகிறது. ஏற்கிறேன். என் அறைக்கு வரும் எந்தக் கோப்பும் பத்து நாட்களுக்குமேல் நகராமல் இருந்தால், அது எங்கே இருக்கிறது, யாருடைய கையொப்பத்துக்காக நிற்கிறது என்பதை உரியவருக்கு என் பெயரிலேயே தெரிவிப்பேன். நகரும்வரை தொடர்ந்து தெரிவிப்பேன். இதை உங்கள் அனைவர் முன்னிலையிலும் எழுத்தில் தருகிறேன். தவறினால் இந்த மடலை எடுத்துவந்து என்முன் வைக்க உங்களுக்கு உரிமையுண்டு.

நேற்று பிற்பகல் தம்பியை நேரில் பார்க்கச் சென்றேன். எனக்காக இத்தனை நாட்கள் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டீர்களே என்று தொடங்கியதும் அவர் சங்கடத்துடன் நெளிந்தார். பிறகு மேசை நாட்காட்டியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே பென்சிலால் பதினொரு பெயர்களும் தொலைபேசி எண்களும் எழுதப்பட்டிருந்தன. நான்காவதாக இருந்த என் பெயர்மீது கோடு இழுக்கப்பட்டிருந்தது. “வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரையும் எழுதிக்கொள்வேன், மேடம்” என்றார். எனக்கென்று தனியாக வந்த கருணை என்று ஐந்து மாதங்களுக்குமேல் நான் நெஞ்சில் வைத்திருந்தது, அவர் நாள்தோறும் பதினொரு பேருக்குச் செய்துவந்த வேலை. அதை அறிந்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை, கடிதத்தைப் படித்தபோதுகூட நான் உணரவில்லை.

என் அலுவலகத்திலும் இப்படிச் செய்யப்போகிறேன், காலையில் வந்ததும் முதல் வேலையாக அனைவருக்கும் தெரிவித்துவிடலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் உடனே மறுத்தார்.

“காலையில் சொல்லாதீர்கள், மேடம். காலையில் இல்லை என்று சொன்னால், மதியத்துக்குமேல் ஏதாவது வருமோ என்று அன்று முழுவதும் இருப்பார்கள். மாலையில் சொன்னால்தான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள்.”

மாலை என்றே குறித்துக்கொண்டேன்.

மிகுந்த நன்றியுடன்,
சமூகவியல் துறைப் பேராசிரியர்